நான் எழுப்பிய பிள்ளை

கல்யாணமான புதிதில் என் மனைவி என் கதைகளைப் பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல் திருத்துவாள். அவள் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகத்தில் ஷிப்பிங் பில் தயாரிக்கிற வேலை. விடியற்காலையில் எழுந்து, அலுவலகத்துக்குக் கிளம்பும்வரை நோட்டில் எழுதுவேன். எழுதியதெல்லாம் மாயாஜாலக் கதைகள், விஞ்ஞானக் கதைகள். கைபேசியில் தொடர்கதை படிக்கிற செயலி ஒன்றில் வாரம் ஓர் அத்தியாயம் வரும்.

அந்தக் கதைகளில் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனாலும் விடாமல் படித்தாள். உங்கள் நாயகர்கள் எல்லாரும் ஏன் அநாதைகளாகவே இருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டாள். இந்த வகைக் கதைகளில் அது வழக்கம்தான் என்றேன். அம்மா உயிரோடு இருந்தால் பையனை டிராகனோடு சண்டைபோட அனுப்ப மாட்டாள், அதனால்தான் அவளை முதலிலேயே கொன்றுவிடுகிறீர்கள் என்றாள். வெள்ளைத் தாடிக் குரு ஒருவர் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ‘பாதியில் சாவார்’ என்று எழுதிவைப்பாள். அவர் சரியாகப் பாதியில் செத்துப்போவார். கறுப்பு அங்கி போட்ட கொடிய அரசன், உலகத்தைக் காப்பாற்றவென்றே மச்சத்தோடு பிறக்கிற பிள்ளை, அழக் கற்றுக்கொள்கிற ரோபோ என்று எல்லாரையும் தூரத்தில் வரும்போதே கண்டுபிடித்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே சில குருக்களைக் கொன்றிருக்கிறேன்.

எட்டு வருஷம் கழித்து அவள் உண்டானாள். ஏழாம் மாதத்தில் ஒரு காலை, பிள்ளை அசையவில்லை என்றாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பெண் பிள்ளை. நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். கையை மட்டும் ஒரு தடவை தொட்டுக்கொள்ளலாமா என்று என் மனைவி கேட்டாள். துணியிலிருந்து அந்தக் கையை வெளியே எடுத்துத் தன் விரல்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“நகங்கூட வளந்திருக்கு,” என்றாள்.

நான் கதவோரம் நின்றேன். முகத்தைப் பார்க்கிறீர்களா என்று நர்ஸ் என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். பார்த்தால் பிறகு மறக்க முடியாது என்று பயம். நான் தலையாட்டியதை என் மனைவி பார்த்தாள்.

அன்று மத்தியானமே ஓர் ஆட்டோவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சபைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இரண்டு புத்தகத்தின் கனம்தான் இருந்தது. காவலாளி மேற்குச் சுவர் ஓரமாகக் குழி வெட்டித் தந்தார். ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைத்துப் போட்டேன்.

ஒரு மாதத்தில் அவள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். என் கதைகளைப் படிப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆறேழு மாதம் கழித்து ஒரு புதுக் கதை ஆரம்பித்தேன். அதில் ஒரு ராணிக்குப் பிள்ளை இறந்து பிறக்கிறது. ராணி அதன் கையைத் தொட்டு, ‘நகங்கள்கூட வளர்ந்திருக்கின்றன’ என்கிறாள். ராஜா துணியை விலக்கி முகத்தைப் பார்த்து, அந்த முகத்தை நெஞ்சில் எழுதிக்கொள்கிறார். பிற்பாடு அந்தப் பிள்ளை சாகவே இல்லை என்று தெரியவருகிறது. ஒரு சூனியக்காரி தூக்கிப்போய் வளர்த்திருக்கிறாள். பதினெட்டு வயதில் வாளோடு திரும்பிவந்து ராஜ்யத்தைக் காப்பாற்றப்போகிறவள் அவள்தான்.

ஏன் எழுதினேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அந்த வகைக் கதைகளில் சாவு வீணாவதில்லை. தாய் செத்தால் மகன் புறப்படுவான். குரு செத்தால் சீடனுக்குச் சக்தி பிறக்கும். எங்கள் பிள்ளையின் சாவினால் யாரும் எங்கேயும் புறப்படவில்லை. ஒரு தொட்டிலை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம், அவ்வளவுதான். அதைத் தாங்க முடியாமல் எழுதினேன் என்றுதான் சொல்லிக்கொள்வேன். அது பாதி நிஜம். ராணியின் அத்தியாயத்தைப் படித்து அழுததாக வாசகர்கள் எழுதியதை அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் திறந்து திறந்து பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அது மீதிப் பாதி.

அவளுடைய பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சரும் அந்தக் கதையைப் படித்துவந்திருக்கிறார். எழுதுவது நான் என்று அவருக்குத் தெரியாது, நான் வேறு பெயரில் எழுதினேன். ஒருநாள் இடைவேளையில், இதைக் கேளுங்கள் என்று ராணியின் அத்தியாயத்தை ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். என் மனைவி டீ குடித்துக்கொண்டிருந்தாளாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையை நாற்காலியில் வைத்துவிட்டு என் கைபேசியைக் கேட்டாள். முதல் அத்தியாயத்திலிருந்து எல்லாவற்றையும் படித்தாள். நான் சுவரோரம் நின்றேன். முடித்துவிட்டுக் கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“ராஜா முகத்தப் பாத்தாருன்னு எழுதியிருக்கிய. நீங்க பாக்கலையே.”

நான் கைபேசியை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

“என் பிள்ளைய எதுக்கு எழுப்புனிய? சண்டையில நிப்பாட்டவா?”

அவள் வாழட்டும் என்றுதான் எழுதினேன் என்றேன். நகத்தைப் பற்றிய அந்த ஒரு வார்த்தையைத் தன் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை என்றாள் அவள். அது ஒன்றுதான் தன்னிடம் இருந்தது, அதையும் டீக்கும் வடைக்கும் நடுவில் யாரோ வாசிக்கக் கேட்க வேண்டியதாயிற்று என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான் அவள் கண்முன்னாலேயே கதை முழுவதையும் அழித்தேன்.

“அழிச்சா, கேட்டவங்க காதுலேருந்து போயிருமா,” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

அந்த வாரமே சாத்தான்குளத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனாள். நாசரேத்தில் அதே நிர்வாகத்தின் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து நான் போவேன். அவள் அக்கா, என் மதினி, சாப்பாடு போடுவார். அவள் என் உடம்பை விசாரிப்பாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மார்க்கைப் பற்றிச் சொல்வாள். விவாகரத்து என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. இப்படி இரண்டு வருஷம் போனது.

பிறகு ஒரு சனிக்கிழமை போன் செய்து, பிள்ளையைப் புதைத்த இடத்தைக் காட்டும்படி கேட்டாள். அதுவரை அவள் அங்கே வந்ததே இல்லை. மத்தியான பஸ்ஸில் வந்தாள். கல்லறைத் தோட்டத்துச் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஓரமெல்லாம் புதுக் கல்லறைகள். காவலாளியும் வேறு ஆள், பழைய விவரம் தெரியாது என்றார். நான் ஒரு வேப்பமரத்தை அடையாளம் வைத்திருந்தேன். அது இல்லை. இங்கே என்று ஓரிடத்தைக் காட்டினேன். நாலு எட்டு நடந்ததும், இல்லை, இங்கே என்று இன்னொரு இடத்தைக் காட்டினேன். ராணியின் சாகாத பிள்ளைக்குக்கூட நான் கதையில் பளிங்கில் சமாதி கட்டியிருந்தேன், அணையாத விளக்கு வைத்திருந்தேன். இங்கே ஒரு கல்கூட நடவில்லை.

“தெரியலையா?” என்று கேட்டாள்.

“தெரியல.”

அவள் செருப்பைக் கழற்றி வைத்தாள். சுவரோரமாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, புல்லிலும் முள்ளிலும் மெதுவாக நடந்தாள். அப்படியே திரும்பி நடந்து வந்தாள்.

“எங்கன இருந்தாலும் இதுக்குள்ளதான இருப்பா,” என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. நான் அழுது முடிக்கும்வரை கொஞ்சம் தள்ளி நின்று காத்திருந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குச் சேர்ந்துதான் நடந்தோம். சாத்தான்குளம் பஸ் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்துவிடேன் என்றேன். அந்த வீட்டில் தன்னால் இனி இருக்க முடியாது, என்மேல் கோபம் எதுவும் இல்லை என்றாள். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியபோது கையை ஆட்டினேன், அவள் தலையை அசைத்தாள்.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. இப்போது மதினிதான் எப்போதாவது போன் செய்வார். நல்லாத்தான் இருக்கா என்பார். பக்கத்தில் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும்.