கடவுளுக்கென்று வைத்த பாரை

எங்கள் வீட்டில் கடவுளுக்குத்தான் முதலிடம். இதை நான் சொல்லாத ஆள் ஊர்காவற்றுறையில் இல்லை. மீன் வாங்க வருகிறவருக்கும் சொல்வேன், மின்சாரக் கட்டணத் துண்டு கொண்டு வருகிறவருக்கும் சொல்வேன். செபம் சொல்லாமல் அடுப்பு மூட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் படகு கடலில் இறங்குவதில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்காக நான் மீனோ இறைச்சியோ தொடுவதில்லை. இவற்றோடு இன்னொரு வழக்கமும் உண்டு. காற்றுக் காலத்தில் பல நாள் கரையில் கிடந்துவிட்டு மறுபடி கடலுக்குப் போகும் முதல் நாள், வலையில் படுகிற பெரிய மீன் கடவுளுடையது. அதைக் கன்னியர்மடத்துக்குக் கொடுப்போம். அங்கே சிஸ்டர்மார் வைத்துப் பராமரிக்கும் வயது போன பெண்களின் சட்டிக்கு அது போய்ச் சேரும்.

என் கணவர் இதைப் பற்றியெல்லாம் வாய் திறக்கமாட்டார். மீனைக் கொண்டுவந்து வைப்பார், கொண்டுபோய்க் கொடுப்பார், அவ்வளவுதான். அதை நாலு பேருக்குச் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரித் தாதியாக இருக்கிறாள். அங்கேயே ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நாரந்தனைப் பெடியன் ஒருவனை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளை. எங்களுக்கு முழுச் சம்மதம். அவனுடைய தகப்பனுக்கும் சம்மதம். தாய் மட்டும் ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் எட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறியவர், அதிகம் பேசமாட்டார் என்று மகள் சொல்லியிருந்தாள். மகள் எடுக்கிற ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டு வந்தது. எனக்கு இரவில் நித்திரை இல்லை.

சோளகக் காற்று தொடர்ந்து பத்து நாள் அடித்து ஓய்ந்த அன்று பின்னேரம் மகள் எடுத்தாள். நாளைக்குப் பௌர்ணமிப் போயா, எல்லோருக்கும் விடுமுறை, அவர்கள் மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள், அவனுடைய தாயும் வருகிறார் என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போயா என்றால் இறைச்சிக்கடை பூட்டு. கோழி வளர்க்கும் பொறுமை எனக்குக் கிடையாது. பத்து நாள் காற்றில் தீவு முழுக்க மீன் இல்லை. வீட்டில் இருந்தது கருவாடு. சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குக் கருவாட்டையா வைப்பது?

விடியக் கடலுக்குப் போன கணவர் பத்து மணிக்குத் திரும்பினார். கூடையில் ஒரு கை சின்னச் சூடை மீன், அதன் மேல் ஒரு பாரை. என் கை நீளம் இருக்கும். மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் என் மனதில் குழம்பு கொதித்துவிட்டது. அவர் சைக்கிளை எடுத்தார், மடத்துக்குப் போக. நான் கூடையைப் பிடித்துக்கொண்டேன்.

“அது கடவுளின்ரை மீனப்பா,” என்றார்.

“கடவுளுக்குக் கோவம் வராது. சம்பந்திக்குத்தான் வரும்,” என்றேன்.

சூடையை ஒரு பையில் போட்டு மடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். பாரையின் பங்கை அடுத்த முறை சேர்த்துக் கொடுப்போம் என்றும் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையை வாங்கிக்கொண்டு போனார். பேசாத மனிதரிடம் வழக்குப் பேசி வெல்வது எவ்வளவு சுகம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு நான் சமைத்த சமையலைச் சொல்லவேண்டும். பாரைக் குழம்பு, பாரைப் பொரியல், தலையைப் போட்டுச் சொதி. முருங்கைக்காய்க்குள் கருவாடு. கத்தரிக்காய்க்குள் நெத்தலி. காலை பஸ்ஸில் வந்திறங்கிய மகள் குசினி வாசலில் நின்று சட்டிகளைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உடுப்பு மாற்றப் போய்விட்டாள். கணவர் வீட்டில், மகள் வீட்டில், றோட்டில் சனமில்லை, கடை பாதி பூட்டு. அந்த நாள் முழுவதும் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தது.

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். தகப்பன் கலகலப்பான மனிதர். பெடியன் வெள்ளைச் சேட்டு அணிந்து, கதிரை நுனியில் இருந்தான். தாய் கண்ணாடி போட்டவர், மெலிந்தவர். சுவரில் இருந்த இயேசுவின் திருவிருதயப் படத்தையும் சுரூபங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டார். நான் வழக்கம்போல எங்கள் வீட்டில் கடவுளுக்குத்தான் முதலிடம் என்று தொடங்கி, காலைச் செபத்திலிருந்து மாலைச் செபமாலை வரைக்கும் சொல்லி முடித்தேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் சுருங்கிக்கொண்டே போனது. பக்தி காணாது என்று நினைக்கிறாராக்கும் என்று நான் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். மகள் என் காலை மிதித்தாள்.

மேசையில் எல்லோரும் இருந்ததும் சாப்பாட்டுச் செபத்தை நானே தொடங்கினேன். அது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. கண்ணை மூடினால் வாய் தன்பாட்டில் போகும். உணவைத் தந்ததற்கு நன்றி சொல்லி, கடலில் இருப்பவர்களுக்காக மன்றாடி, அந்தந்த நாளுக்குரிய புனிதரை அழைத்து முடிப்பது என் வழக்கம். அன்றைக்கும் வாய் போனது. “புனித அந்தோனியாரே, உம்முடைய நாளாகிய இந்தச் செவ்வாய்க்கிழமையில்...”

அந்த இடத்தில் வாய் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தேன். மேசை முழுக்க மீன். மீன் படாதவை சோறும் பப்படமும் தண்ணீர்ச் செம்பும்தான். அவனுடைய தாயின் சோற்றுக் கோப்பையைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரே ஒரு பப்படம் எடுத்து வைத்திருந்தார்.

“நானும் செவ்வாயிலை மச்சம் தொடுறேல்லை,” என்றார் மெல்ல. “நீங்கள் யோசியாதேங்கோ. எனக்குச் சோறும் பப்படமும் காணும்.”

அவர் ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. செவ்வாயை மறந்ததைச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். பாரை யாருடைய மீன் என்பதையும், மடத்துக்குச் சூடையை அனுப்பியதையும், சம்பந்திக்குத்தான் கோபம் வரும் என்று கணவருக்குச் சொன்னதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கலியாணம் அந்த மேசையிலேயே முடிந்துபோயிற்று என்று நினைத்தேன்.

முதலில் என் கணவர்தான் சிரித்தார். பிறகு பெடியனின் தகப்பன். பெடியன் சிரிப்பை அடக்கப்போய்ப் புரையேறித் தண்ணீர் குடித்தான். தாய் சிரிக்கவில்லை. எழும்பி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, “பருப்பு எங்கை வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டபடி குசினிக்குள் போனார்.

என் கணவர் மேசையில் இருந்த மீன் முழுவதையும் சட்டிகளில் ஊற்றி மூடினார். போகவேண்டிய இடத்துக்கே போகட்டும் என்றார். மகளைப் பார்க்க வந்த பெடியன் குழம்புச் சட்டியைத் துணியால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் கணவரின் சைக்கிளில் பின்னால் ஏறினான்.

குசினியில் நான் பருப்பைக் கழுவ, பெடியனின் தாய் தேங்காய் துருவினார். நான் இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். துருவலை நிறுத்தாமலே அவர் பேசத் தொடங்கினார்.

“உங்களைப் பற்றிக் கேள்விப்பட்ட நாள் தொடக்கம் எனக்குப் பயம். விடியச் செபம், பின்னேரம் செபமாலை, கடவுளுக்கு முதல் மீன் எண்டு ஊரெல்லாம் சொல்லிச்சினம். என்ரை வீட்டிலை கிழமைக்கு ஒருக்கால் செபமாலை சொன்னாலே பெரிய காரியம். அப்பிடி ஒரு வீட்டுப் பிள்ளை வந்து எங்களை எப்பிடிப் பாக்குமோ எண்டுதான் இவ்வளவு நாளும் ஒண்டும் சொல்லாமல் இருந்தனான். இண்டைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.”

பருப்புத் தண்ணீர் என் கையால் வழிந்துகொண்டிருந்தது. எட்டு மாதமாக என் பிள்ளையின் கலியாணத்தை மறித்து வைத்திருந்தது என்னுடைய வாய்தான். கடவுளுக்கு முதலிடம் என்று சொல்லிச் சொல்லி, அந்த இடத்தில் நானே போய் இருந்துகொண்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோசமாக இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் உப்பு எங்கே என்று கேட்டுவிட்டார்.

மடத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது வெள்ளைச் சேட்டின் முன்பக்கம் முழுக்கக் குழம்பு. கஞ்சி குடித்து முடித்திருந்த பெண்கள் மறுபடி கோப்பையோடு வந்து வரிசையில் இருந்தார்களாம். ஒருவர் மீன்தலை தனக்குத்தான் என்று சட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். என் கணவர் ஒரே நேரத்தில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சோறு, பருப்பு, சம்பல், பப்படம். எல்லோரும் மறுபடி மேசையில் இருந்தோம். பாதியில் விட்ட செபத்தைச் சொல்லி முடிக்கும்படி என்னைக் கேட்டார்கள். நான் மாட்டேன் என்று அவனுடைய தாயைக் கைகாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, செபத்துக்கு முதல் ஒரு கதை இருக்கிறது என்றார். என் மகளைப் பார்த்தார்.

“கலியாணத்தை எந்தக் கிழமை வேணுமெண்டாலும் வையுங்கோ, செவ்வாயிலை மட்டும் வேண்டாம். எனக்கு அந்தப் பாரைக் குழம்பு தின்னவேணும்.”