ஆயுத பூஜையில் எரிந்த நீல விளக்கு

தாராவியில் என் கணவர் வைத்திருந்த லேத் பட்டறையை நினைத்தால் முதலில் வருவது நாற்றம்தான். இரும்பு கடையும்போது சூடு தணிய ஊற்றும் எண்ணெய்த் தண்ணீர் பால்போல வெள்ளையாக இருக்கும். மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு சும்மா கிடந்தால் போதும், திங்களன்று அழுகிய முட்டை வாடை. ஆட்களின் கையெல்லாம் சொறி. கிருமிதான் காரணம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார் மனுஷன். பழைய சாமான் கடையிலிருந்து, கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு ஒன்றைத் தூக்கி வந்தார். குழம்பிய தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்கவில்லை. இரண்டு வருஷம் முட்டி மோதி, கடைசியில் விளக்குக்கு அடியில் சாய்த்து வைத்த தகரத்தில் அந்தத் தண்ணீரை மெல்லிய ஏடாக வழிய விட்டார். நாற்றம் நின்றது.

அந்த நீலம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. மேலே மூடி போட்டிருந்தாலும் ஓரத்தில் கசியும்; அடியில் வெள்ளை ஓசையில்லாமல் வழிந்துகொண்டே இருக்கும். சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு, விழிப்பா தூக்கமா என்று தெரியாமல் எத்தனை மத்தியானம் நின்றிருக்கிறேன்!

அந்த அழகைத் தனியாக வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஆயுத பூஜையன்று அவர் பூ வாங்க மாட்டுங்கா போன நேரத்தில், நாங்கள் குடியிருந்த லேபர் கேம்ப்பில் வீடு வீடாகப் போய் அழைத்துவிட்டேன். விளக்கைப் போட்டதும் நான்தான். அவர் திரும்பியபோது பட்டறை நிறைய ஜனம்.

"ஏளா, என்ன காரியம் செஞ்ச?" என்றவர், பிறகு சிரித்துக்கொண்டே சுண்டல் கொடுத்தார்.

இது தன் கண்டுபிடிப்பு என்று பேட்டண்ட் உரிமைக்கு அவர் எழுதிப்போட்டது அதற்கப்புறம்தான். ஒரு பெரிய கம்பெனி எதிர்த்தது. எழுதிப்போடும் முன்பே ஊரறியக் காட்டிய பொருளுக்கு உரிமை கிடையாதாம். உரிமை போனால் அவருடைய இரண்டு வருஷ உழைப்பைக் கம்பெனியே செய்து விற்கும்.

அவருக்குத் தெரியாமல் வேறு யாராவது காட்டியிருந்தால் தப்பிக்க வழி உண்டு என்றார் எங்கள் வக்கீல். பேட்டண்ட் ஆபீஸ் விசாரணைக்கு ரயிலில் போகும்போதே கெஞ்சினேன்: "நாந்தான் கூப்பிட்டேன்னு சொல்லிருங்க. நெசந்தான அது?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜனங்களை அழைத்தது யார் என்று அதிகாரி கேட்டார். தானேதான் அழைக்கச் சொன்னதாக இந்தியில் சொல்லிவிட்டு, அவர் தலை குனிந்து நின்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

எல்லாம் போயிற்று. ஆபீஸ் வாசலில் நின்று, "ஏன் இப்படிச் செஞ்சிய?" என்று அழுதேன்.

"நாலு பேரு முன்னால ஒன்னயக் குத்தவாளின்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து ஒன் கையால எப்படிளா சோறு திங்க?" என்றார்.