அவன் விழுகிற பக்கம்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். வீட்டில் எல்லோரும் அப்படிச் சொல்வார்கள், நானும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வேன். அந்தப் பெருமை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்தோடு போயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் காக்ஸ் டவுனில் இரண்டு அறை வீடொன்றில் அம்மா, அண்ணன், நான் மூவரும் இருந்தோம். அம்மா பள்ளி ஆசிரியை. அண்ணன் பொம்மனஹள்ளியில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் ஓசூர் ரோட்டில் லாரி ஒன்று அவன் ஸ்கூட்டரைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. முதுகில் அடி. நரம்பு அறுந்துபோகவில்லை, ஆனால் தினமும் நிற்கப் பழகாவிட்டால் கால்கள் மறந்துவிடும் என்றார் டாக்டர். கால் எப்படி மறக்கும் என்று நான் அவரிடம் சண்டைக்கே போனேன். மறக்கும் என்றார். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் என் காலேஜ் நின்றது. மத்தியானம்தோறும் அவன் என் தோள்களைப் பிடித்துக்கொள்ள, நான் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இருபது எண்ணும்வரை நிற்க வைப்பேன். நான் கையை எடுத்தால் சரிந்துவிடுவான்.

ஆனால் அவனை உண்மையில் நிற்க வைத்தது ஒரு காமிக்ஸ்.

சைனாச் சண்டைப் படங்களில் நடித்த அந்த நட்சத்திரத்தின் மேல் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். நாங்கள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன மனிதர். இருந்தும் சலூன் சுவர்களிலும் ஆட்டோக்களின் முதுகிலும் அண்ணனின் கட்டிலுக்கு மேலேயும் சட்டையில்லாமல் முறைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் படுக்கையில் விழுந்த மாதம், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் அவரைப் பற்றிய காமிக்ஸ் ஒன்று கண்ணில் பட்டது. அட்டை இல்லை. உள்ளே எல்லாம் சைனா எழுத்து. முகம் மட்டும் சந்தேகமில்லாமல் அவருடையது. நிஜத்தில் ஒல்லிக்குச்சி மனிதர், வரைந்தவன் அவருக்கு மாட்டுத் தோளைப் போட்டிருந்தான். பேரம் பேசாமல் வாங்கி வந்தேன்.

முதல் பக்கத்திலேயே அவர் நெஞ்செல்லாம் ரத்தத்தோடு செத்துக் கிடந்தார். அவருடைய தாய் போல ஒருத்தி அவர் தலையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். படுத்துக் கிடப்பவனுக்கு இதையா வாங்கி வந்தோம் என்று எனக்குப் பகீரென்றது. அடுத்த பக்கத்தில் அவர் முட்டிபோட்டிருந்தார். அதற்கடுத்ததில் எழுந்து நின்றுவிட்டார். பிறகு முழுக்க அடியும் உதையும்தான்.

"பாத்தியாடீ, நிஜத்துல செத்தவரை இதுல எழுப்பி உட்டுட்டாங்க" என்றான் அண்ணன். அவன் கண் கலங்கியிருந்தது.

கதை கொஞ்சம் இடிக்கத்தான் செய்தது. போகப்போக அவருடைய காயங்கள் குறைந்தன. செத்த வில்லன்கள் திரும்பி வந்தார்கள். முடிவில் அவர் சின்னப் பையனாகி, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தார். எதைக் கேட்டாலும் அண்ணனிடம் ஒரே பதில்தான்.

"ஃப்ளாஷ்பேக்குடீ. நம்ம படத்துல வராதா?"

"அவன் மூக்குல ரத்தம் வந்தப்புறம்தான் இவரு காலையே தூக்குறாரு. அதுவும் ஃப்ளாஷ்பேக்கா?"

"அது ஸ்பீடு. அடி உழுந்தது தெரியும், கால் வந்தது தெரியாது. சும்னே இரு, உனுக்கு இன்னா தெரியும்?"

தினமும் நிற்பதற்கு முன் அந்த முதல் மூன்று பக்கங்களைப் பார்த்துக்கொள்வான். அழுகிற தாயின் வாயருகே பென்சிலால் 'எழுந்திரு ராஜா' என்று வசனம்கூட எழுதி வைத்திருந்தான். இருபது ஐம்பதானது, ஐம்பது நூறானது. அம்மா சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் மனதுக்குள் அந்தக் கடைக்காரனுக்கு நன்றி சொன்னேன்.

அப்போதுதான் என் காலேஜ் சிநேகிதி வீட்டுக்கு வந்தாள். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவளுடையது. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் காமிக்ஸை எடுத்துப் படித்து முடித்திருந்தாள்.

"அரே, பாவம் பா. இவ்ளோ சண்டை போட்டு கடைசீல செத்துட்டாரே."

"கடைசீலயா?"

"ஆமா. எங்க உருது மாதிரி இதுவும் இந்தப் பக்கம் இருந்துதானே வருது? நீங்க எப்படிப் படிச்சீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் போனதும் வலது பக்கத்திலிருந்து திருப்பிப் பார்த்தேன். பையன் வளர்ந்தான், சண்டை கற்றான், காலைத் தூக்கினான், அதற்குப் பிறகு எதிரியின் மூக்கில் ரத்தம் வந்தது. காயங்கள் ஒவ்வொன்றாகக் கூடின. நின்றவர் முட்டிபோட்டார். முட்டிபோட்டவர் செத்தார். ஃப்ளாஷ்பேக் எங்கேயுமே இல்லை. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பத்து நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை. மாணவர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதாகக் காலையில் காலேஜிலிருந்து கடிதம் வந்திருந்தது. மத்தியானம் அண்ணன் என் தோளில் முழு பாரத்தையும் போட்டுக்கொண்டு சிரித்தான்.

"ஒழுங்கா எண்ணுடீ கழுதை. அவரு ரெண்டே பக்கத்துல எழுந்துட்டாரு, நீதான் என்னை லேட் பண்ற."

"அவரு எழுந்திருக்கவே இல்ல! செத்துப்போறாரு! நீ இத்தன நாளா தலைகீழாப் படிச்சிட்டிருக்க!"

சொன்னது நான்தானா என்று எனக்கே நம்பமுடியவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்து, புத்தகத்தை மறுபக்கத்திலிருந்து திறந்தான். கடைசிவரை படித்தான். படித்து முடித்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவன் நிற்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், காலில்கூட விழுந்தேன். அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கால் மறக்கும் என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. லாரிக்காரன் செய்ததைவிட நான் செய்தது பெரிய பாவம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அம்மா பள்ளிக்குப் போயிருந்தாள். நான் பால் வாங்கப் போய்த் திரும்பினேன். கதவைத் திறந்தால் அண்ணன் அறை நடுவில் தரையில் குப்புறக் கிடந்தான். உதட்டில் ரத்தம். பால் கவர் கையிலிருந்து நழுவியது. தெருவுக்கே கேட்கும்படி அலறினேன்.

"கத்தாதே" என்றான். புரண்டு மல்லாந்து படுத்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"கட்டில்லேருந்து உழுந்துட்டியா?"

"இல்லடீ. அவரு மாதிரி மொதல்ல நின்னேன். அப்புறம்தான் உழுந்தேன்."

கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவே மூன்றடி தரை இருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"யாரைப் புடிச்சிட்டு நின்ன?"

"யாரையும் இல்ல."