கையைக் கழுவிட்டுத் தொடுங்க சார்

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் காலையில் கட்டுக்குள்ளே கால் விண் விண்ணென்று தெறித்தது. பல் கிட்டும் அளவுக்குக் குளிர் ஜுரம். கட்டைப் பிரித்த சிஸ்டர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். தையல் ஓரமெல்லாம் சீழ்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் ஒடிந்தது என் தப்பு. வாடிப்பட்டியில் வண்டி ரிவர்ஸ் எடுத்தபோது, விசில் ஊதிக்கொண்டே பின்னால் நடந்து பள்ளத்தில் காலை விட்டேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிளேட் (எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடு) வைத்துத் தைத்தார்கள். அதுவரைக்கும் யார்மேலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தச் சீழை நான் வாடிப்பட்டியிலிருந்து கொண்டுவரவில்லை. அது ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. மதுரை - வாடிப்பட்டி தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். எங்கள் வேலையில் கை இரண்டும் டிக்கெட்டிலும் பையிலும் இருக்கும். ஓடுகிற பஸ்ஸில் ஆளைப் பிடித்து நிறுத்துவது கால்தான். பெரிய டாக்டர் சீழைப் பார்த்துவிட்டு, "எலும்புக்குள்ள இறங்கிருச்சுன்னா கஷ்டம்ப்பா. முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம்" என்றார். ஆஸ்டியோமைலிடிஸ் (எலும்பே சீழ் பிடிப்பது) என்று சீட்டில் எழுதினார். என் மனைவி செல்வி அந்தச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்துப் படுக்கையில் இஸ்மாயில் பாய். விளக்குத்தூண் பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்தார். சர்க்கரை வியாதி, பாதத்தில் ஆறாத புண். பெரிய டாக்டர் தினமும் பாயின் பாதத்தை அமுக்கிச் சீழ் எடுப்பார். அப்படியே திரும்பி அதே கையுறையோடு என் காலுக்கு டிரெஸ்ஸிங் (புண்ணைத் துடைத்துக் கட்டு மாற்றுவது) செய்வார். வார்டு மூலையில் வாஷ்பேசின் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்து எத்தனை நாளாயிற்றோ, பேசினுக்குள் டீ கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

கல்ச்சர் (சீழில் என்ன கிருமி என்று பார்க்கும் சோதனை) ரிசல்ட் வந்தது. சின்ன டாக்டர் குரலைத் தாழ்த்தி, "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கிருமி" என்றார்.

"டிக்கெட் எடுக்காம ஏறி வந்துருக்கு பாய்" என்றேன்.

"வண்டி யாருதுன்னு தெரியுதுல்ல தம்பி?" என்றார் பாய். இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்தே பழகியவன். கட்டுக்குள் அரித்தபோது பேனா மூடியை விட்டுச் சொறிந்திருக்கிறேன். பாயிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து அவருக்குப் போனதா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் படுத்த இடத்தைவிட்டு நகரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த வாரம் பாயின் காலை எடுக்க முடிவு செய்தார்கள். ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும் முன்னால், அவர் மனைவி கொண்டுவந்த செம்புத் தண்ணீரில் தொழுகைக்காக ஒளுச் செய்தார். தினம் ஐந்து வேளையும் படுக்கையிலேயே அப்படித்தான் கை, முகமெல்லாம் கழுவுவார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அல்லா முன்னாடி நிக்கணும்னா நான் கழுவணும். எங்காலு முன்னாடி நிக்கிறவரு கழுவ வேணாமா தம்பி?"

அதுவரை பயந்துகொண்டு வாயை மூடிக்கிடந்தேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் கை நீட்டினார். நான் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன்.

"கையைக் கழுவிட்டுத் தொடுங்க சார்."

"கிளவுஸ் போட்டிருக்கேன்ல?"

"அதே கிளவுஸோடதான சார் மத்தப் படுக்கையெல்லாம் தொட்டுட்டு வர்றீங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா? பிடிக்கலைன்னா டிஸ்சார்ஜ் வாங்கிட்டுப் போ" என்றார்.

"போக மாட்டேன் சார். இந்தச் சீழு இங்க வந்தது. இங்கதான் போகணும்."

அவர் கட்டுப் பிரிக்காமலே போய்விட்டார். செல்வி என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். "பஸ்ஸுல கத்துற மாதிரியே கத்துங்க. அவரும் பாக்கலைன்னா யாரு பாப்பாங்க? காலு போச்சுன்னா என்ன செய்வீங்க?" அழுதாள். பிறகு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள். அடிபம்பில் ஒரு குடம் அடித்து, மூன்று மாடி தூக்கி வந்து, படுக்கையின் கால்மாட்டில் வைத்தாள். மேலே ஒரு புதுச் சோப்பு.

மறுநாள் காலை டாக்டர் குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. செல்வி கப்பில் தண்ணீரை மொண்டு நின்றாள். பாதி தரையில் சிந்தியது. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். "சோப்பு நல்ல வாசமா இருக்கேம்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார். புதுக் கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

செல்விக்குத் தலைகால் புரியவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, வாடிப்பட்டியில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டாள். சந்தோஷத்தில் தொண்டை வேறு கம்மிப்போயிருந்தது. "மாமா, டாக்டரு கை கழுவிட்டாரு" என்றிருக்கிறாள். லைன் கட்டாகிவிட்டது.

மதியத்துக்குள் ஒரு வேன் நிறையச் சொந்தபந்தம் வந்து இறங்கியது. படியிலேயே ஒப்பாரி. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கை கழுவிட்டாங்களாமேடா" என்று கதறினார். விஷயம் புரிந்ததும் எனக்கு வந்த சிரிப்பில் தையல் இழுத்து உயிர் போயிற்று.

"கழுவுனாருண்ணே. சோப்புப் போட்டுக் கழுவுனாரு. நீங்களும் கழுவிட்டு வாங்க. உள்ள ஒரு ஆளுதான், மத்தவங்க எல்லாம் எறங்குங்க."

பிறகு இரண்டு முறை டெப்ரைட்மென்ட் (செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்வது) நடந்தது. ஆறு வாரம் ஊசி. பின்னால் பிளேட்டையும் எடுத்தார்கள். கால் தப்பித்துவிட்டது. கொஞ்சம் குட்டை. கிருமி எலும்பில் பல வருஷம் தூங்கிக் கிடந்துவிட்டு எழுந்தாலும் எழும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

தையலோடு படுத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு: கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். டாக்டருக்குக் கோபம் வந்தால் ஆறிவிடும்.

ஆறு மாதம் கழித்து செக்கப்புக்குப் போனேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெரிய டாக்டர் யாரும் சொல்லாமலே போய்க் கை கழுவினார். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது எண்ணுவதற்குள் முடித்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் இஸ்மாயில் பாய், செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க உட்கார்ந்திருந்தார். என் காலை முழங்காலிலிருந்து பாதம் வரை தடவிப் பார்த்தார்.

"இப்பல்லாம் கழுவுறாராமே தம்பி?"

"கழுவுறாரு பாய்."

"அதுக்கு எம்புட்டு நேரம் ஆகுது?"