சிவப்புக் கோடு இல்லாத மாதம்

இந்த மாத வருகைப் பதிவேட்டில் அக்காவின் பெயரே இல்லையாம். நில அளவை அலுவலகத்தில் யாரோ சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரர் சித்தியிடம் சொல்ல, சித்தி கடல் தாண்டியிருக்கும் என்னிடம் சொன்னார்.

அக்கா அந்த அலுவலகத்தில் இருபத்தோரு வருடம் வரைபடம் போட்டவள். நான்கு வருடங்களுக்கு முன், மண்ணுக்கடியில் ஓடும் குழாய்களை வரைய ஆள் வேண்டுமென்று குடிநீர்த் துறை ஓராண்டுக்கு அவளைக் கேட்டு வாங்கியது. அயற்பணி என்பார்கள். ஆள் அங்கே, இடம் இங்கே. பணிமூப்பு குறையாது, பதவி உயர்வு தவறாது, அவள் எழுதிக் கொடுக்காமல் புதிய துறை அவளைத் தனக்கே வைத்துக்கொள்ளவும் முடியாது. பழைய அலுவலகப் பதிவேட்டில் மாதாமாதம் அவள் பெயரை எழுதி, கட்டங்களின் மேல் சிவப்புக் கோடு இழுத்து, ‘அயற்பணி’ என்று குறிப்பார்கள். அந்தக் கோட்டை நம்பித்தான் அக்கா இருந்தாள்.

புதிய இடத்தில் அவளுக்கு ‘இரவல்’ என்று பெயர். ‘இரவல் வாங்கின குடையை எவன் திருப்பிக் குடுத்திருக்கான்?’ என்று பக்கத்து மேசைக்காரர் சிரிப்பாராம். ஓராண்டு நான்காயிற்று.

சித்தி சொன்னதைக் கேட்டு அக்கா நேரில் போய்ப் பார்த்தாள். பதிவேட்டில் பெயர் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த தலைமை வரைவாளர் பதவி உயர்வுப் பட்டியலில், அவள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அவளிடம் வேலை பழகியவளின் பெயர். எழுத்தர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். குடிநீர்த் துறையில் நிரந்தரமாகச் சேரச் சம்மதம், கீழே அக்காவின் கையெழுத்து. அங்கே சேர்ந்தால் இருபத்தோரு வருடமும் போய்ப் பட்டியலின் கடைசியில் நிற்க வேண்டும்.

“ஒரு மில்லிமீட்டர் தப்பக்கூடக் கண்டுபிடிப்பியேக்கா. இத படிக்கலையா?” என்று ஃபோனில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.



“மடிச்சிருந்துச்சுடா,” என்றாள். “நாலு வருஷமா அப்படித்தான் வரும்.”

குடிநீர்த் துறை அலுவலகத்தின் வழக்கம் அது. கையெழுத்திடும் இடம் மட்டும் தெரியும்படி தாளை மடித்து நீட்டுவார்கள். வருடா வருடம் வந்தது அயற்பணி நீட்டிப்புத் தாள். இந்த முறையும் அதுதான் என்று நினைத்து, வரைந்துகொண்டிருந்த கோட்டை மை காய்வதற்குள் முடிக்கும் அவசரத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

சம்மதத்தை முப்பது நாளுக்குள் திரும்பப் பெறலாம் என்று விதி இருக்கிறது. புதிய துறையின் அதிகாரி கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், பழைய துறையின் தபால் பிரிவு முத்திரை வைத்து வாங்க வேண்டும். இன்று முப்பதாவது நாள்.

அதிகாரி கெட்டவரில்லை, அவளைவிட்டால் குழாய்களின் போக்கு தெரிந்த ஆள் அவரிடம் இல்லை, அவ்வளவுதான். மூன்று நாளாக இழுத்தடித்தார். இன்றும் கேட்டிருக்கிறார்: “இங்க உனக்கு என்னம்மா குறை? ஃபேன்கூட உன் தலைக்கு மேலதான் சுத்துது.”

“சுத்துது சார். நான் போகணும்.” சம்மதத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவர் மேசைமேல் விரித்து வைத்தாளாம். “மடிக்காமக் கொண்டுவந்திருக்கேன். முழுசாப் படிச்சிட்டுப் போடுங்க.”

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். கையெழுத்திட்டபோது மணி நாலேகால்.

இதைப் பேருந்தில் போய்க்கொண்டே சொன்னாள். அவள் குரலில் அந்தப் பழைய உறுதி இருந்தது. ஆனால் பாலத்தருகே வண்டி நின்றுவிட்டது, இறங்கி நடக்கப்போகிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டாள். தபால் பிரிவின் சன்னலை ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள்.

நான் இரண்டு கடிகாரம் வைத்திருக்கிறேன், ஒன்று ஊர் நேரத்துக்கு. அதில் ஐந்தடிக்க ஏழு நிமிடம் இருந்தபோது கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கையில் கடிதம் இருக்கும், எடுக்க முடியாது என்று சொல்லிக்கொண்டேன். ஐந்து பத்துக்கு மறுபடி கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது.