ஜெயில் சுவரில் சுண்ணாம்பு

அன்று வீட்டுக்குள் வந்தவர்கள்: முதலில் அப்பா. அவர் பின்னால் ஃபைலோடு சர்வே அதிகாரி. அப்புறம் சித்தப்பா. மாட்டுங்காவில் வீட்டு வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்த அம்மா. நான் உள்ளேதான் இருந்தேன். நாலாவது படித்தேன்.

எங்கள் வீட்டுக்கு மூன்று பக்கம் தகரம். நாலாவது பக்கம் வெள்ளைக்காரன் கட்டிய ஜெயிலின் சுவர். ஜெயில் போய்விட்டது, சுவர் மட்டும் மிச்சம். அதை ஒட்டி வரிசையாக வீடுகள். அந்த வருசம் சர்க்கார் அதைப் புராதனச் சின்னம் ஆக்கி, எங்களைக் காலி பண்ணச் சொன்னது. பதினைந்து வருசம் இருந்தவர்களுக்கு மாற்று வீடு. மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது.

அத்தனை வருசம் இருந்ததைக் காட்டும் கடுதாசி எல்லாம் மழைத் தண்ணீரில் போயிருந்தது. சுண்ணாம்புதான் சாட்சி. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அப்பா பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒரு பூச்சு அடிப்பார். நீலம் ஒரு வருசம் கூடும், ஒரு வருசம் குறையும். வெட்டிப் பார்த்தால் பூச்சு தனித்தனியாகத் தெரியும். பக்கத்து வீட்டில் அதிகாரி அப்படித்தான் எண்ணி எழுதினாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அப்போது எனக்குத் தெரிந்தது சந்து முனையில் வைத்த மராட்டிப் பலகை. வீட்டில் நான் ஒருத்திதான் அதைப் படிப்பேன். சுவரைக் கெடுத்தால் ஜெயில் என்று போட்டிருந்தது.

"பத்தொம்பது பூச்சு இருக்கு சாப். நீங்களே எண்ணிப் பாருங்க" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே அப்பா விளக்கைப் போட்டார்.

சுவர் வெறும் கருங்கல்லாக நின்றது.

காலையிலிருந்து பெட்டி மேல் ஏறி உச்சி வரைக்கும் தோசைக்கரண்டியால் சுரண்டியிருந்தேன். கை கொப்பளித்திருந்தது. உதிர்ந்ததையெல்லாம் கூட்டி அள்ளிச் சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

"ஏளா, சொவத்த என்னட்டி செஞ்ச?" என்றாள் அம்மா.

"சொரண்டிட்டேம்மா. இனி அப்பாவப் போலீஸ் புடிக்காது."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பாவின் கை ஸ்விட்சை விட்டு இறங்கவே இல்லை.

சித்தப்பாதான், "ஏசு படத்துக்குப் பின்னாடி பாருண்ணே" என்றார்.

அந்தப் படத்தை மட்டும் தொடப் பயந்து விட்டிருந்தேன். கழற்றினார்கள். சுண்ணாம்பு இருந்தது. ஆனால் அது நான் பிறந்த வருசம் மாட்டிய படம். அதற்குப் பிறகு அப்பா படத்தைச் சுற்றித்தான் அடித்தார்.

அதிகாரி கத்தியால் வெட்டி எண்ண ஆரம்பித்தார். நானும் கூடவே எண்ணினேன். குறைய இருந்தால் அப்பாவுக்குத் தண்டனையும் குறையும் என்று நினைத்தேன்.

ஒன்பது.