பின்பக்கம் இறங்கிய வண்டி

"மரம் எங்கே?"

போன ஞாயிற்றுக்கிழமை, புத்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில், பட்டப்பகலில் ஒரு எஸ்.ஐ. என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. என்ன மரம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஆந்திரப் பக்கத்தில் சொல்லவும் வேண்டாம். மரம் என்றால் செம்மரம். கடத்தல் கேஸ். மாட்டினால் களி.

ஆடிப்போய்விட்டேன்.

என் அம்பாசிடரைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நிறைய அலட்டியிருக்கிறேன். எழுபதுகளின் மாடல், க்ரீம் கலர். அதில் எனக்கு ஒரே குறை — ஆள் ஏறாதபோது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். செல்போனில் வெளிநாட்டுப் பழைய கார்களாகப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆசை வந்துவிட்டது. அதெல்லாம் பின்பக்கம் தாழ்ந்து, தரையோடு தரையாக... என்ன ஒரு மிடுக்கு! ரேணிகுண்டாவில் இருக்கும் என் மெக்கானிக் முனிரத்தினத்திடம் போய் நின்றேன். இருபது வருஷப் பழக்கம்.

"பட்டை சேக்கச் சொல்லி வருவாங்க சார். எடுக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார்.

பட்டை என்றால் பின் சக்கரங்களுக்கு மேலே அடுக்கடுக்காக இருக்குமே, அந்த ஸ்பிரிங் தகடு. பக்கத்துக்கு இரண்டாக நாலு பட்டையை உருவினார். வண்டி நாலு விரல் இறங்கியது. நான் சுற்றிச் சுற்றி வந்து ரசித்தேன். என் மகள் லாவண்யா மட்டும், "வயித்து வலி வந்தா மாதிரி உக்காந்துக்கினு கீது நைனா" என்றாள். ரசனை இல்லாத பெண் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு அவளுக்கு டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. இரண்டாவது தடவை. ஒரு வருஷம் கல்யாணம் காட்சி என்று எதற்கும் வராமல் படித்தவள். சென்டர் திருப்பதியில். ஒன்றரைக்கு கேட்டை மூடினால் மூடியதுதான், தலைகீழாக நின்றாலும் திறக்கமாட்டார்கள். "பஸ்ஸுல போய்க்கிறேன் நைனா" என்றாள். விடுவேனா? அவள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே இந்த வண்டியில்தான். ராசியான வண்டி!

பதினொன்றரைக்கு நடுரோட்டில் கை காட்டி நிறுத்தினார்கள்.

எஸ்.ஐ. முதலில் என்னைப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய்க் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஸ்டெப்னி மட்டும் இருந்தது. பின்சீட்டைத் தூக்கினார்கள், ஒன்றுமில்லை. அப்பாடா என்றிருந்தது. ஆனால் அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"லோடு லேகபோதே பண்டி எந்துக்கு கூர்ச்சுந்தி?"

பாரம் இல்லையென்றால் வண்டி ஏன் உட்கார்ந்திருக்கிறது? நியாயமான கேள்விதானே! டிக்கி காலி, சீட்டுக்கு அடியில் காலி, வண்டி மட்டும் இறங்கியிருக்கிறது. அப்படியானால் அடித்தளத்துக்குக் கீழே ரகசிய அறை வைத்து மரத்தை அடுக்கியிருக்கிறேன் என்றுதானே அர்த்தம்!

"அழகுக்காகக் காசு குடுத்துப் பட்டை எடுத்தேன் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தமிழுக்கு மாறினார். "மரம் ஏத்தறவன் வண்டி உக்காரக் கூடாதுன்னு ரெண்டு பட்டை சேத்துக்கினு வருவான். நீ என்னடான்னா காசு குடுத்து எடுத்தேன்னு சொல்றே. தமிழாளா?"

"புத்தூர்தான் சார். பத்திரிகையில எழுதறேன்."

"ஏ பத்ரிகா?"

"தமிழ்..."

சொல்லியிருக்கவே கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மலைகளிலிருந்து மரம் வெட்ட வந்து பிடிபடும் கூலி ஆட்கள் தமிழ்தான் பேசுவார்கள். 'ஊர் எது, எவன் அனுப்பினான்' என்று அவர்களிடம் கேட்பதையெல்லாம் என்னிடமும் கேட்டார்கள். அந்தச் செய்திகளை டீ குடித்துக்கொண்டே படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன் நான். வெயிலில் நின்று பதில் சொல்லும்போதுதான் தெரிந்தது — உண்மையைச் சொன்னாலும் வாய் குழறுகிறது.

முனிரத்தினம் இருக்கிறாரே! போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "முனிரத்தினம், புத்தூர் ரோட்டுல மடக்கிட்டாங்க. எஸ்.ஐ. சார் கேக்கறாரு. நீங்கதானே என் வண்டிக்குப் பட்டை எடுத்தீங்க?" என்றேன்.

ஸ்பீக்கரில் முனிரத்தினத்தின் குரல் வந்தது.

"எந்த வண்டி சார்? நான் பஞ்சர் மட்டும்தான் ஒட்டறேன்."

கட் பண்ணிவிட்டார். இருபது வருஷம்! அவர் பெண் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான்.

"நைனா, மணி பன்னெண்டே கால்" என்றாள் லாவண்யா. அழவில்லை. நேராக எஸ்.ஐ.யிடம் போய் ஹால் டிக்கெட்டை நீட்டித் தெலுங்கில் பேசினாள். அவர் அதைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். மனுஷன் நல்லவர். "பாப்பாவ ஜீப்புல விட்டுட்டு வர்றோம். வண்டிய முழுசா பாக்கற வரைக்கும் நீ நகரக் கூடாது" என்றார்.

ஒரு பெண் கான்ஸ்டபிளோடு என் மகள் போலீஸ் ஜீப்பில் ஏறினாள். ஏறியவள் திரும்பி, என் காதருகில் மெதுவாகக் கேட்டாள்.

"நைனா... வண்டில ஒண்ணும் இல்லல்ல?"

எஸ்.ஐ. கேட்டபோது வந்தது பயம். இவள் கேட்டபோது வந்தது பயம் மட்டுமில்லை. "இல்லம்மா" என்றேன். அதைச் சொல்லும்போதும் வாய் குழறியது.

ஜீப் போய்விட்டது. நான் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். ஒரு மணி வாக்கில் வந்து நின்றது ஒரு மொபெட். முனிரத்தினம்! முன்னால் கோணியில் சுற்றிய நாலு பட்டைகள்.

"கேஸுன்னதும் பயந்துட்டேன் சார். அப்புறம்தான் இன்னிக்கு பாப்பாவுக்குப் பரிச்சைன்னு ஞாபகம் வந்துச்சு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் எஸ்.ஐ. முன்னால் பட்டைகளைப் பரப்பி, இது இந்த வண்டியினுடையதுதான் என்று வைத்துக் காட்டினார்.

எஸ்.ஐ. மீசையைத் தடவிக்கொண்டார். "இங்கயே மாட்டு" என்றார்.

நடுவே ஜீப்பிலிருந்து தகவல் வந்தது. ஒன்று பத்துக்கே அவளை உள்ளே விட்டுவிட்டார்களாம். ஜாக்கி போட்டு, ரோட்டோரமே நாலு பட்டையும் ஏறின. வண்டி பழையபடி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. இந்த உலகத்தில் அதைவிட அழகான காட்சி உண்டா? எஸ்.ஐ. ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, போகலாம் என்று கை காட்டினார். அவருக்கு இருந்த சந்தேகம் நாலு பட்டையோடு தீர்ந்தது.

சாயங்காலம் சென்டர் வாசலில் காத்திருந்தேன். தேர்வு முடிந்து வந்தவள் நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். கையில் ஒரு காலித் தண்ணீர் பாட்டில் மட்டும்தான். முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவள் ஏறவில்லை. பின்னால் போனாள், டிக்கியைத் திறந்தாள், குனிந்து பார்த்தாள், மூடினாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல நைனா. பாட்டில வைக்கலாம்னு பாத்தேன்."

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டுதான் வீடு வரைக்கும் வந்தாள்.